முன்கட்டு போன வருஷம்

முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். ஒரு கடிதம் எழுதியே பல வருஷங்கள் ஆகிவிட்டன. நம் பள்ளியில் படித்தவர்கள் கூடிய அன்று ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துப் பேசினீர்கள். என் முறை நெருங்குவது தெரிந்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "வாய்தான் தொறக்க மாட்டே, எழுதியாவது குடு, மலர்ல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் நான் பேனாவை எடுப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். சுவாரசியம் இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அன்று எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினீர்கள். எனக்கு நினைவு வந்தது பள்ளிக்குப் போகும் வழி. அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, பெரிய ரோடு வரைக்கும் போகும் நம் கடைத்தெரு. நான் இப்போது திருமுல்லைவாயிலில் இருக்கிறேன். எப்போதாவது பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எங்கள் வீடு இருந்த இடம் வருகிறதா என்று பார்ப்பேன். கண்ணாடிக் கட்டடமாக நிற்கிறது. துணிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை. கதவைத் திறந்து மூடும்போது ஏசி காற்று ரோட்டுக்கு வந்து முகத்தில் அடிக்கும். எந்தக் கடைக்கும் எந்தக் கடைக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, அப்போது அந்தத் தெருவுக்கு ஷட்டர் கிடையாது. பலகைக் கதவுகள்தான். காலையில் ஒவ்வொரு கடைக்காரரும் பலகைகளை ஒன்றொன்றாகக் கழற்றி ஓரமாகச் சாத்தும் சத்தம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஆரம்பித்து எங்கள் கடை வரைக்கும் வரும். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். தொழிற்சாலை எஸ்டேட்டின் சங்கு ஊதினால் அப்பா சைக்கிளை எடுப்பார். சாயந்திரம் தியேட்டர் குழாயில் சாமிப் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தெருவே ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். போட்டோ ஸ்டூடியோவின் வாசலில் ஒரு மரக்குதிரை இருந்தது, ஒரு காது உடைந்தது. சோடாக்கடைக்காரர் பாட்டில் கழுத்திலிருக்கும் கோலிக்குண்டைத் தட்டும்போது வரும் அந்தச் சின்ன ஓசையை இப்போது யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். மழை நின்ற பிறகும் அதன் அடியில் மட்டும் ரொம்ப நேரம் தூறிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீடு ஒரே கட்டடம், இரண்டு கட்டு. முன்கட்டு பெரியப்பாவுக்கு. அதில் ரோட்டைப் பார்த்து அவருடைய பாத்திரக் கடை, கடைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த இரண்டு அறைகள். பின்கட்டு எங்களுக்கு. நடுவில் ஒரு பொதுச் சுவர், அதில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் பெரியப்பா வீட்டு நடை வழியாகக் கடைக்குள் வந்து, கடை வழியாகத் தெருவுக்கு இறங்கலாம். தாத்தா இறந்தபோது பிரித்துக்கொண்ட பங்கு அது. பெரியப்பா வியாபாரம் செய்கிறவர், அதனால் ரோட்டுப் பக்கம். அப்பா எஸ்டேட்டில் லேத் வேலை, அவருக்கு எதற்கு ரோட்டு முகப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவும் நினைத்தார். அம்மா மட்டும் நினைக்கவில்லை. அவளுடைய பிறந்த வீட்டுக்காரர்கள் வந்தால் அண்டாவுக்கும் குண்டானுக்கும் நடுவே ஒருக்களித்து நடந்துதான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். "பின்னாடி ஊட்டுக்காரி" என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். பின்பக்கம் இருந்ததில் ஒரே லாபம் அடிபம்பு. பெரியம்மா குடத்தோடு எங்கள் பக்கம்தான் வர வேண்டும். காலை நேரத்தில் இருவரும் பம்பைச் சுற்றி நின்று பேசும் பேச்சில் பாதி சண்டை, பாதி சிரிப்பு.

பெரியப்பாவுக்கு அந்த முகப்புதான் எல்லாம். "ரோட்டு மேல கடை வச்சிகினு கீறவன்" என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். புதுப் பாத்திரம் வந்து இறங்கும் நாளில் வைக்கோலும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு வாசனை பின்கட்டு வரைக்கும் வரும். பெரியப்பாவின் ஒரே மகள், எனக்கு அக்கா. ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கடையில் இருந்தாள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது அவள்தான். ஊசி அதிரும் அந்த மிஷினைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தட்டின் விளிம்பில் முத்து முத்தாக எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளித் தூசியை ஊதிவிடுவேன். என் பென்சில் டப்பாவின் அடியில்கூட என் பெயரை வெட்டிக் கொடுத்தாள். அந்த டப்பா எந்த வீடு மாறும்போது போயிற்றோ தெரியவில்லை.

இப்போது அந்தச் சிவப்புக் குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் சேர்வதற்கு முன்பே ஒரு நாள் ரோடு ஆபீஸ்காரர்கள் மூன்று கால் கருவியோடும் சங்கிலியோடும் வந்து, தெருவில் இருந்த ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்பும் ஒரு எண்ணும் போட்டுவிட்டுப் போனார்களாம். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. வருஷங்கள் போயின. அந்த எண் எதிலிருந்து அளந்தது, எவ்வளவு போகும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர்களுக்கு ஞாபகப்படுத்தினது மாதிரி ஆகிவிடும் என்று தெருவுக்கே ஒரு பயம். படிக்கட்டும் சன்ஷேடும்தான் போகும் என்று ஒருவர் சொல்வார். எதிர்ச் சாரியில்தான் முழுசாக எடுப்பார்கள் என்று எங்கள் சாரியில் சொல்வார்கள். எதிர்ச் சாரிக்காரர்கள் எங்களைப் பற்றி அப்படியே சொல்வார்கள்.

குறியை அழிக்கவும் பயம், சர்க்கார் குறி. அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி அடிப்பார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு ஏற ஏற, குறி மட்டும் உள்ளே அமுங்கி, சட்டம் போட்ட படம் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் எல்லாக் கடையிலும் அப்படி ஒரு படம். சின்னப் பிள்ளைகளான நமக்கு அது கடைக்கு வேண்டிய ஒன்று என்றுதான் தோன்றியது. பலகை, தராசு, சாமி படம், சிவப்புக் குறி.

நான் சொல்ல வந்த வருஷம் எண்பதுகளின் கடைசியில் ஒன்று. தை மாதம் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைப் பையன் எஸ்டேட்டில் வேலை. தன் தங்கை கல்யாணப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட வந்தவன்தான். அக்கா பெயர் வெட்டி முடிக்கும் வரை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்த பிறகு இன்னொரு டம்ளரை நீட்டினான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவன் வீட்டாரே ஆள் விட்டுக் கேட்டார்கள். "ரோட்டு மேல சொந்தக் கட்டடம், ஒரே பொண்ணு" என்று தரகர் சொல்லியிருந்தார். அதில் முதல் பாதிக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்பதுதான் பெரியப்பாவின் கவலை.

அன்று காலையில் அவர் கடையில் இருந்ததிலேயே பெரிய அண்டாவைத் தூக்கிக் குறிக்கு முன்னால் வைத்தார். அதன் மேல் ஒரு அண்டா, அதன் மேல் குண்டான், அதற்கு மேல் சட்டிகள். கடைசியில் சொம்பு. கோபுரம் மாதிரி நின்றது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, திருவிழாவா?"

"உன் வேலைய பாத்துகினு போபா."

"சாஞ்சுதுனா மாப்ள ஊட்டாருக்கு மண்ட ஒடையும். அப்பால அந்தப் பாத்திரத்துல பேரு வெட்ட வேண்டியதுதான்."

பெரியப்பா சொம்பை இன்னும் கொஞ்சம் நேராக வைத்தார்.

வந்தவர்களில் பையனின் தாய்மாமன்தான் பெரிய ஆள். சென்னீர்குப்பத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர், வாயில் வெற்றிலை. கடைப்படியில் கால் வைத்தவர் உள்ளே வராமல் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"தெருவுல எல்லாக் கடைலயும் மார்க்கு கீது. உங்க கடைல மட்டும் காணமே?"

பெரியப்பா, "வாங்க, உள்ள வாங்க, காபி ஆறுது" என்றார்.

தாய்மாமன் சொம்பை எடுத்துக் கீழே வைத்தார். சட்டிகளை எடுத்தார். குண்டானை நகர்த்தினார். அண்டாவைச் சாய்த்து அதற்குப் பின்னால் தலையை விட்டு எண்ணைப் படித்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, ரோட்டோரத்திலிருந்து குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து அளந்தபடி உள்ளே நடக்க ஆரம்பித்தார். கல்லாவைத் தாண்டினார். பெயர் வெட்டும் மேசையைத் தாண்டினார். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். பெரியம்மாவின் சமையல் மேடையைத் தாண்டி, நடையைத் தாண்டிப் பொதுச் சுவரின் கதவருகே நின்றார். அங்கே அக்கா பட்டுப் புடவையில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். அவர் கடைசியாக வைத்த பாதம் அவள் பாதத்துக்கு முன்னால் இருந்தது.

"இதோட சரி" என்றார். "எங்க ஊராண்ட ரோடு போட்டப்ப இதே கணக்குதான் அண்ணாத்தே. என் கடையே பூடும்னு எவனும் எங்கையில சொல்லல, நானும் போய்க் கேக்கல. உங்கள்து முழுசா பூடுது. இந்தக் கதவுக்கு அப்பால யாரு, தம்பியா? அப்ப தம்பிக்குத்தான் யோகம். ரோட்டு மேல வந்துட்டாரு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் பட்டதைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு பேச்சில் எங்கள் வீடு முன்பின்னாகத் திரும்பிவிட்டது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கதவுக்கு இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கூச்சம் வந்தால் சிரிப்பு வரும், எனக்கும் அப்படித்தான். சிரித்துவிட்டார். பெரியப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். ஜாதகம் பார்த்த பிறகுதான் பெண் பார்க்கவே வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா அந்தப் பட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கே மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் தூசி ஊதப் பக்கத்தில் போனேன். "வேணாம், கண்ல பட்டுடும்" என்றாள். அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

அன்று சாயந்திரம் பொதுச் சுவரின் கதவைப் பெரியப்பா தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டார். அது கேட்டதும் அப்பா எங்கள் பக்கமும் தாழ்ப்பாள் போட்டார். நாங்கள் தெருவுக்குப் போக வேண்டுமானால் சாக்கடை ஓடும் பக்கத்துச் சந்து வழியாகப் போனோம். பெரியம்மா பம்புக்கு வருவது நின்றது. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாயில் வரிசையில் நின்றாள். நான் பள்ளிக்குப் போகும்போது பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். பம்படியில் அம்மா தனியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பாள். சண்டை போட ஆள் இல்லாமல் அந்தப் பம்பின் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

பல வருஷங்கள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது பெரியம்மா என்னிடம் சொன்னார். "உங்கப்பன் கதவத் தட்டி ஒரு வார்த்தை பேசுவான்னு உங்க பெரியப்பா தினம் அந்தக் கதவாண்டயே சேர் போட்டுகினு குந்தினு இருந்தாரு." அந்த நாட்களில் அப்பாவும் ஷிப்ட் முடிந்து வந்து கதவுக்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். அண்ணன் கூப்பிடாமல் தம்பி போய்ப் பேசினால், முகப்பு கிடைத்த திமிரில் வந்து நிற்கிறான் என்று ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். நடுவில் இருந்தது ஒரு பலகைக் கதவு.

பங்குனியில் நோட்டீஸ் வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே வந்தது. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து இடிக்க ஆரம்பித்தார்கள். மரக்குதிரை இருந்த ஸ்டூடியோ போயிற்று. சோடாக்கடை போயிற்று. தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிய அன்று கேட்டின் அந்தப் பக்கம் திடீரென்று அவ்வளவு வெளிச்சமாகிவிட்டது. பள்ளியிலிருந்து வந்த நாமெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தோமே. வீடுகளின் உள்ளறைகள் தெருவுக்கு வந்தன. பச்சை டிஸ்டம்பர் அடித்த ஒரு படுக்கையறைச் சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும், பஸ்ஸில் போகிறவர்கள் தேதி பார்த்துக்கொண்டு போகலாம். அடுப்புக் கரி படிந்த மூலை ஒன்று ரோட்டைப் பார்த்து நின்றது. அந்த வீட்டு அம்மாள் வெட்கப்பட்டு அதன் மேல் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாள்.

அப்போது தெருவில் ஒரு வழக்கம் வந்தது. இடிக்கும் மிஷின் வருவதற்கு முன் அவரவர் கொத்தனாரை வைத்து, போக வேண்டிய பகுதியைத் தாங்களே உளியால் வெட்டி இறக்கிவிடுவார்கள். மிஷின் முன்பக்கத்தை இழுத்தால் மிச்சமும் ஆடிவிடும். கையால் வெட்டினால் மிச்சம் நிற்கும். மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் அப்படிச் செய்தார்கள். மிச்சமில்லாதவர்கள் பேசாமல் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மிஷின் வந்து தள்ளியது. அப்படித் தள்ளியதில் ஒரு தையல்காரர் வீட்டின் பொதுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. முன்பக்கம் வேறொருவருடையது, பின்பக்கம் அவருடையது. எங்களைப் போல.

எங்கள் கட்டடம் பழைய மெட்ராஸ் டெரஸ், மர விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை. முன்கட்டின் தேக்கு விட்டங்கள் ஒரு முனையில் பொதுச் சுவருக்குள்தான் சொருகியிருந்தன. மிஷின் இழுத்தால் விட்டம் சுவரையும் சேர்த்து இழுத்துவிடும். சுவர் போனால் எங்கள் கூரை நிற்காது. பெரியப்பாவுக்கோ மிச்சமே இல்லை, முழுப் பங்கும் போகிறது. கொத்தனார் வைக்க அவருக்கு ஒரு அவசியமும் இல்லை.

"போய் உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் அம்மா.

"இன்னா மூஞ்சிய வச்சிகினு கேக்கறது?" என்றார் அப்பா. "அவுரு ஊடு மொத்தமா பூடுது. என் செவுத்த காப்பாத்துன்னு அவர் எதுர்ல போய் நிக்கச் சொல்றியா?"

"அப்ப நாம மட்டும் தெருவுல நிக்கலாமா?"

"நின்னா நிக்கலாம்."

"அவுரு செய்ய மாட்டாரு. வயிறு எரிஞ்சுகினு கீறாரு. செவுரு வுழுந்தா சந்தோசப்படுவாரு" என்றாள் அம்மா.

அப்பா முக்காலியை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போய்விட்டார். அம்மா தகரப் பெட்டியில் துணிகளையும் என் புஸ்தகங்களையும் கட்டி மாமா வீட்டுக்கு அனுப்பினாள். வருஷப் பரீட்சை சமயம். எனக்குப் படிக்கக் கணக்குப் புஸ்தகத்தை மட்டும் வெளியே வைத்தாள். மேலே பார்த்துக்கொண்டே படித்தேன். கூரையில் ஏற்கனவே ஒரு விரிசல் இருந்தது, அது நீளுகிறதா என்று.

பெரியப்பா திருமுல்லைவாயிலில் ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரு நாள் லாரி வந்தது. பாத்திரங்கள் வைக்கோலுக்குள் போயின. சந்து முனையில் நின்று பார்த்தேன். அக்கா பெயர் வெட்டும் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேனா என்று நினைவில்லை. அதற்குப் பிறகு அவளை அரக்கோணத்தில் கொடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். போனில் பேசுவோம். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவோம்.

லாரி போனதும் முன்கட்டு காலியாக நின்றது. நாளைக்கோ மறுநாளோ மிஷின் வரும் என்றார்கள்.

அடுத்த நாள் காலையில் அப்பா வேலைக்குப் போன பிறகு சமையலறையில் தூசி கொட்டியது. மேலே டங் டங் என்று சத்தம். அம்மா உலையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாகத் தெருவுக்கு ஓடினாள். மிஷினைக் காணோம். பெரியப்பாதான் கூரை மேல் நின்றிருந்தார். பனியன், தலையில் துண்டு. கூட ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும். டெரஸை உளியால் கொத்தி, செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முகப்பைத் துடைக்கவே ஆள் வைத்திருந்த மனிதர்.

கொத்தனார் கேட்டது கீழே நின்ற எங்களுக்கும் காதில் விழுந்தது. "மொதலாளி, உங்கள்துதான் மொத்தமா பூடுதே. மிஷினே இஸ்து தள்ளிட்டு போவட்டும். ஏன் சொம்மா ஒடம்ப கெடுத்துக்கறீங்க?"

"செவுரு ரெண்டு பேருக்கும் பொதுபா" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். மறுபடியும் உளியை எடுத்தார்.

அம்மா என் கையை விட்டாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

மத்தியானம் அப்பா சைக்கிளில் வந்தார். தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். கூரை பாதி போய், விட்டங்கள் எலும்பு மாதிரி தெரிந்தன. சைக்கிளை ஸ்டாண்ட் போடாமலே சுவரில் சாய்த்தார், அது சரிந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். பெரியப்பா அவரைப் பார்த்தார். ஒரு விட்டத்தின் ரோட்டு முனை ஏற்கனவே கழன்றிருந்தது. பொதுச் சுவருக்குள் இருந்த முனையை அசைக்க வேண்டும்.

"அந்தாண்ட புடி" என்றார் பெரியப்பா.

தை மாதத்துக்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"மெதுவாணா. ஆட்டி ஆட்டி எடு. செவுரு ஒதறுது."

"எனக்குத் தெரியும்டா. நீ கைய நசுக்கிக்காம புடி."

விட்டத்தைச் சுவரிலிருந்து உருவி எடுக்கும்போது அது போட்ட சத்தம் பெரிய மிருகம் ஒன்று முனகுவது மாதிரி இருந்தது. சுவரில் சதுரமாக ஓட்டை விழுந்தது. சுவர் அசையவில்லை. ஒவ்வொரு விட்டத்தையும் இருவரும் இரண்டு முனையில் பிடித்து இறக்கினார்கள். தெருவில் நின்றவர்களில் யாரோ, "அண்ணன் தம்பி சேந்துகினு ஊட்ட இடிக்கறத இப்பத்தான்யா பாக்கறேன்" என்றார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார். இந்தத் தடவை அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் முன்கட்டு தரையோடு தரையாக இருந்தது. பொதுச் சுவரின் இன்னொரு முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பெரியம்மா சாமி படம் மாட்டியிருந்த இடத்தில் விளக்குப் புகை படிந்து நீளமாக ஒரு கறுப்பு. அதைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் பொட்டுப் பொட்டாக. ஆவடி பஸ் ஒன்று போனது, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

பொதுச் சுவரின் கதவை அந்தப் பக்கமிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அம்மாதான். அவள் தன் பக்கத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா செங்கல் குவியல் மேல் கால் வைத்து ஏறிப் போய்த் தன் பக்கத் தாழ்ப்பாளை எடுத்தார். கதவு திறந்தது. அம்மா தட்டில் டீ டம்ளர்களோடு நின்றாள். அவளுக்கு முன்னால் நடையும் இல்லை, கடையும் இல்லை, நேராக ரோடு. இத்தனை வருஷம் அவள் கேட்ட ரோடு. ஏனோ அவள் அதைப் பார்க்கவே இல்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா அம்மாவிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை. டீயைக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உங்கம்மா கையில சொல்லு. இதான் இனிமே வாசக்கதவு. இது உள்கதவு, மழைக்குத் தாங்காது. நல்லதா ஒண்ணு போட்டுக்கச் சொல்லு."

அம்மா அங்கேயேதான் நின்றாள். "பெரியப்பாவ சாப்ட்டுட்டு போவச் சொல்லு" என்று அவளும் என்னிடம் சொன்னாள்.

"இருட்டறதுக்குள்ள போவணும். அங்க அதுவும் பொண்ணும் தனியா இருக்கும்" என்றார் பெரியப்பா, பெரியம்மாவை நினைத்துக்கொண்டு. துண்டை உதறித் தோளில் போட்டார். அப்பா அவரைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இருவரும் வெட்டவெளியாகிப்போன தெருவின் ஓரமாக, தலையெல்லாம் சுண்ணாம்போடு நடந்து போனதை அந்தக் கதவில் நின்று பார்த்தேன். அந்தக் கதவிலிருந்து அவ்வளவு தூரம் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மறுநாள் மிஷின் வந்தது. எங்கள் இடத்தில் அதற்கு வேலை இல்லை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். எனக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது, போய் எழுதினேன்.